கடல் தாண்டாத பால்: இந்தியப் பால்வளமும் உலகச் சந்தையும்

2024ஆம் ஆண்டு அமெரிக்கக் கடைகளில் அமுல் பால் விற்பனைக்கு வந்தது. குஜராத்தின் கூட்டுறவு இணையம் மிச்சிகன் மாநிலத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றோடு கைகோத்தது. கறப்பதும் பதப்படுத்துவதும் அவர்கள் வேலை. பெயரும் விற்பனையும் இவர்கள் பொறுப்பு. இங்கே அது வெற்றிச் செய்தியாகப் பேசப்பட்டது. பேசலாம், தப்பில்லை. ஆனாலும் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது: அமுலின் ஊரான ஆனந்தின் பெயர் கடல் தாண்டிப் போய்விட்டது, ஆனந்தின் பால் இங்கேயே நின்றுவிட்டது.

உலகில் கறக்கப்படும் பாலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் கறக்கப்படுகிறது. 1998 முதல் உற்பத்தியில் முதலிடம் நமக்குத்தான். 2023-24இல் கறந்தது 23.9 கோடி டன். அதே ஆண்டில் வெளிநாட்டுக்கு விற்ற பால் பொருள்கள் 63,738 டன். மதிப்பு 27 கோடி டாலர் சொச்சம். நெய், வெண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் திரும்பப் பாலாக மாற்றிக் கணக்குப் போட்டாலும், கறந்ததில் ஒரு சதவீதத்தைத் தொடாது. நியூசிலாந்து கறப்பது நம் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் 95 சதவீதத்தை உலகத்துக்கு விற்று வாழ்கிறது.

இதை வைத்து இந்தியப் பால்துறை தோற்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950-51இல் தலைக்கு நாளொன்றுக்கு 130 கிராம் பால் கிடைத்த நாட்டில் 2023-24இல் 471 கிராம் கிடைத்தது. கறந்த பாலை நாமே குடித்துவிடுகிறோம், தயிராகத் தோய்த்துவிடுகிறோம், டீக்கடையில் ஆற்றிவிடுகிறோம். பஞ்சத்தைப் பார்த்த நாட்டுக்கு அது சாதனைதான். கேள்வி இனிமேல்தான் வருகிறது. 2033இல் உற்பத்தி 33 கோடி டன்னாகவும் தேவை 29.2 கோடி டன்னாகவும் இருக்கும் என்று 2018இல் நிதி ஆயோக்கின் பணிக்குழு கணித்தது. கணிப்பு அப்படியே பலிக்க வேண்டும் என்பதில்லை. பாதி பலித்தாலும் அந்த மிச்சப் பால் எங்கே போகும்?

இனாமாக வந்த பவுடர்

இந்தியப் பாலின் கதை தொடக்கத்திலிருந்தே வணிகத்தின் கதை. 1945இல் பம்பாய் நகருக்குப் பால் கொண்டுவர அரசு ஒரு திட்டம் போட்டது. குஜராத்தில் ஆனந்த் அடங்கிய கைரா மாவட்டத்தில் பால் வாங்குவது போல்சன் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. நகரத்தில் விலை ஏறியது. கறந்தவர் கைக்கு அந்த ஏற்றம் வரவில்லை. விவசாயிகள் வல்லபபாய் படேலிடம் போனார்கள். நீங்களே சங்கம் வையுங்கள், அரசு அதற்கு ஒத்துக்கொள்ளும்வரை பால் ஊற்றாதீர்கள் என்பது அவர் சொன்ன வழி. பதினைந்து நாள் கைராவிலிருந்து பம்பாய்க்குப் பால் போகவில்லை. 1946 டிசம்பரில், பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற கைரா ஒன்றியம் பதிவானது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். தொடக்கத்தில் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளுக்கு 250 லிட்டர் சுமார். சென்னை லயோலாவிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன் 1949 மே மாதம் ஆனந்துக்கு வேலைக்கு வந்தார். அரசு உதவித்தொகையில் படித்ததற்கு ஈடாகச் செய்ய வேண்டியிருந்த வேலை அது. முடித்துவிட்டுக் கிளம்பிவிடும் எண்ணத்தில்தான் வந்தார்.

குரியனைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. கூடவே இருந்த தொழில்நுட்பர் ஹரிசந்த் தலாயாவைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. எருமை குளிர்காலத்தில் நிறையக் கறக்கும், கோடையில் வற்றும். குளிர்காலத்து மிச்சத்தைப் பவுடராக்கி வைத்துக்கொண்டால்தான் சங்கம் ஆண்டு முழுவதும் உறுப்பினரிடம் பால் வாங்க முடியும். எருமைப் பாலிலிருந்து பவுடர் எடுக்க முடியாது என்பது அன்றைய மேலைநாட்டு நிபுணர்களின் தீர்ப்பு. தலாயா எடுத்துக் காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்துவைத்த ஆலை அந்த நம்பிக்கையில் எழுந்தது. அந்தத் தொழில்நுட்பம் கைகூடாமல் போயிருந்தால் அமுல் குஜராத்துக்கு வெளியே தெரியாத ஒரு சிறு சங்கமாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1965இல் தேசியப் பால்வள வாரியம் வந்தது. 1970இல் ‘ஆபரேஷன் ஃப்ளட்’ என்று பெயர் பெற்ற வெண்மைப் புரட்சி தொடங்கியது. அப்போது ஐரோப்பாவில் பால் பவுடரும் வெண்ணெயும் மலை மலையாகத் தேங்கிக் கிடந்தன. உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் இந்தியாவுக்கு இனாமாக வந்தன. இனாம் பொருள் உள்ளூர் உழைப்பைக் கொன்றுவிடும் என்பது ஏழை நாடுகள் பல முறை பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். துறைமுகத்தில் வந்திறங்கும் பவுடரை மலிவாக விற்றால் கிராமத்தில் கறப்பவர் மாட்டை விற்றுவிடுவார். வாரியம் அதை மலிவாக விற்கவில்லை. பவுடரைக் கரைத்துப் பாலாக்கி, உள்ளூர்ப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கு நாலு பெருநகரங்களில் விற்றது. அந்தப் பணம் ஆலைகளாகவும் ரயில் டேங்கர்களாகவும் கிராமச் சங்கங்களாகவும் மாறியது. அயலாரின் மிச்சத்தைத் தன் முதலாக மாற்றிய நாடுகள் அதிகம் இல்லை.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். 1983இல் கிளாட் அல்வாரிஸ் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’யில் எழுதிய கட்டுரை நாடாளுமன்றம்வரை எதிரொலித்தது. எல்.கே. ஜா தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்துத் திட்டத்தை ஆராயச் சொன்னது. கிராமத்துப் பால் நகரத்துக்கு உறிஞ்சப்படுகிறது, கலப்பின மாடு வசதியுள்ளவருக்கே பயன்படுகிறது, உற்பத்திக் கணக்கு ஊதப்படுகிறது என்பவை அன்றைய குற்றச்சாட்டுகள். கடைசிக் குற்றச்சாட்டுக்குக் காலம் பதில் சொல்லிவிட்டது: 1970-71இல் 2.2 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 1990-91இல் 5.4 கோடி, 2010-11இல் 12.2 கோடி, 2023-24இல் 24 கோடிக்குப் பக்கம். முதல் குற்றச்சாட்டுக்கு மட்டும் முழுப் பதில் இன்னும் இல்லை. கறக்கும் வீட்டில் குழந்தைக்கென்று எத்தனை டம்ளர் ஒதுக்குகிறார்கள் என்று எந்தச் சங்கமும் பதிவேடு வைப்பதில்லை.

இரண்டு மாட்டுக்காரர்கள்

அந்நிய நாட்டுப் பால்பண்ணை என்றால் ஆயிரம் மாடு, பத்து ஆள். நம் ஊரில் அப்படியே தலைகீழ். பால்துறையை நம்பி எட்டுக் கோடி கிராமக் குடும்பங்கள் இருப்பதாக அரசு சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டு மாடு, மிஞ்சிப்போனால் நாலு. நாட்டில் விளையும் நெல், கோதுமை இரண்டின் மதிப்பையும் கூட்டினால் வருவதைவிடப் பாலின் மதிப்பு அதிகம். குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது; கொள்முதல் கிடங்கு கிடையாது; எல்லாம் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்துக்கும் தூக்குவாளியில் நடந்துபோகிறது.

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பால் சங்கத்தில் விடியற்காலை போய் நின்றால் இந்தப் பொருளாதாரம் முழுவதும் கண்ணில் படும். வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். வாளிப் பாலில் கொஞ்சம் மாதிரி எடுத்துக் கருவியில் வைப்பார்கள். அரை நிமிடத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப். எனப்படும் இதர திடச்சத்தும் திரையில் தெரியும். பால் கேனில் ஊற்றப்படும், சின்ன அச்சுப்பொறி ஒரு சீட்டைத் துப்பும். லிட்டர், கொழுப்பு, திடச்சத்து, விலை. அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவருக்குப் பட்டுவாடா நாள்தான் சம்பள நாள். நெல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காசு தரும். கரும்புக்காசு எப்போது வரும் என்பது ஆலைக்கே தெரியாது. வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை வீட்டுக்குக் காசு கொண்டுவருவது மாடு ஒன்றுதான். கையகல நிலம் இல்லாதவரும் மாடு வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தொழிலின் பலன் நிலத்தைவிடப் பரவலாகப் போய்ச் சேர்கிறது.

அந்தப் பலன் எவ்வளவு மெல்லியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் உற்பத்திச் செலவில் 65 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும். நாட்டின் சாகுபடி நிலத்தில் 4 சதவீதம் அளவில்தான் பசுந்தீவனம் விளைகிறது. மீதிக்கு வைக்கோல், சோளத்தட்டை, தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. அமெரிக்க மாடு ஆண்டுக்கு 11 டன் கறக்கிறது, நம் கலப்பின மாடு நாளுக்கு எட்டு லிட்டரைச் சுற்றியும் நாட்டு மாடு மூன்று நாலு லிட்டரும் கறக்கின்றன என்று ஒப்பிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மாடு மக்காச்சோளமும் சோயாவும் தின்கிறது. நம் மாடு மனிதன் தின்றதுபோக மிஞ்சியதைத் தின்று, அதையும் பாலாக்கித் தருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. ஆனால் நாலு லிட்டரை ஆறு லிட்டராக்க வழி இருக்கிறது: கோ-4 போன்ற தீவனப்புல் கால் ஏக்கர், தாது உப்பு, சரியான நேரத்தில் சினை ஊசி. புது மாடு வாங்குவதைவிட இது மலிவு. (இங்கிருந்து போன கிர் இன நாட்டு மாடு பிரேசிலில் தேர்வுமுறை இனப்பெருக்கத்தால் எங்கேயோ போய்விட்டது. நாம் ‘நாட்டு மாட்டு ஏ2 பால்’ என்று விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருக்கிறோம்.)

யாரிடம் ஊற்றுவது என்பதும் இன்று கேள்விதான். 1991 தாராளமயத்துக்குப் பின் தனியார் ஆலைகள் வந்தன. பால் ஆலைகளுக்குக் கொள்முதல் எல்லை வகுத்த 1992 ஆணையின் வேலியும் 2002இல் தளர்ந்தது. தமிழ்நாட்டில் 1981இல் இணையமாகப் பதிவான ஆவின் இருக்கிறது. 1970இல் ராயபுரத்தில் ஐஸ்கிரீமில் தொடங்கிய சந்திரமோகனின் ஹட்சன் போன்ற பெரிய தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. மாநிலத்தில் கறக்கும் பாலில் கூட்டுறவுக்கு வருவது சிறு பங்குதான். 2023 மே மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் அமுல் கொள்முதலில் இறங்கியபோது முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார்: கூட்டுறவுகள் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று கொள்முதல் செய்வதில்லை என்ற மரபை மீறலாமா என்பது அவர் வாதம். கூட்டுறவு மரபு பற்றிய கவலை நியாயமானது. ஆனால் நுகர்வோருக்குப் பால் விலையைக் குறைவாக வைத்து ஓட்டு வாங்கிவிட்டு, அந்தச் சுமையைப் பால் ஒன்றியத்தின் தலையில் வைத்தால், கறப்பவர் இரண்டு ரூபாய் கூடத் தருகிறவரிடம் போவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது அந்தப் போட்டியின் பலன் என்றே படித்துக்கொள்கிறேன்.

வரிச்சுவர்

மிச்சப் பாலைப் பவுடராக்கி உலகுக்கு விற்றால் என்ன வரும்? 100 லிட்டர் பசும்பாலிலிருந்து கிடைப்பது எட்டரை ஒன்பது கிலோ கொழுப்பு நீக்கிய பவுடரும் மூன்றரை நாலு கிலோ நெய்யும். 2018 நடுவில் உலகச் சந்தையில் அந்தப் பவுடர் டன்னுக்கு 2,000 டாலர் பக்கம் விற்றது. கிலோவுக்கு 140 ரூபாய்கூட வராது. அதாவது 100 லிட்டர் பாலின் பவுடர் 1,200 ரூபாய். லிட்டருக்கு 12 ரூபாய். நெய் விற்ற காசு அதனோடு சேரும். ஆலைச் செலவு அதிலிருந்து கழியும். மகாராஷ்டிரத்தில் அந்த ஜூலையில் விவசாயிகள் லிட்டருக்கு 17, 18 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜு ஷெட்டி தலைமையில் பாலைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். மாநில அரசு லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் தந்தது. குஜராத் அரசு பவுடர் ஏற்றுமதிக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் தர முன்வந்தது. ஒன்றிய அரசு ஏற்றுமதி ஊக்கத்தொகையை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. இத்தனை முட்டுக்கொடுத்துத்தான் நம் பவுடர் கடலில் இறங்க முடிந்தது. உலகில் விற்பனையாகும் பால் மொத்த உற்பத்தியில் ஒரு சிறு துண்டு; அதனால் எங்காவது மழை பெய்தாலும் விலை ஆடும். முழுக்கொழுப்புப் பவுடர் 2013இல் டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டி, 2015 ஆகஸ்டில் 1,600 டாலருக்கு வந்தது. இரண்டு மாட்டுக்காரரை அந்த ஊஞ்சலில் உட்காரவைக்க முடியாது.

உள்ளே வருவதைத் தடுக்கும் கதையும் இதோடு பின்னியது. உலக வணிக ஒப்பந்தத்தில் பால் பவுடருக்கு இறக்குமதி வரி பூச்சியம் என்று இந்தியா கட்டுப்பட்டிருந்தது. மானியம் குவிந்த ஐரோப்பியப் பவுடர் உள்ளே வரத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு மறுபேச்சு நடத்தி, 2000 வாக்கில் 10,000 டன்வரை 15 சதவீதம், அதற்குமேல் 60 சதவீதம் என்ற ஏற்பாட்டுக்கு வந்தது. அன்று அந்த மறுபேச்சு நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். 2019 நவம்பர் 4 அன்று ஆர்செப் எனப்படும் ஆசியப் பெருவணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கு நியூசிலாந்துப் பவுடர் பற்றிய பயம் முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022இல் ஆஸ்திரேலியாவோடும் 2025 ஜூலையில் பிரிட்டனோடும் ஒப்பந்தம் போட்டபோது பால் பொருள்கள் வெளியே வைக்கப்பட்டன. 2025 டிசம்பரில் நியூசிலாந்தோடு பேச்சு முடிந்ததாக அறிவித்தபோதும் பாலுக்குக் கதவு திறக்கவில்லை. அமெரிக்காவோடு தகராறு இன்னும் பழையது: மாட்டுக்கு மாட்டின் இரத்தமும் உள்ளுறுப்பும் கலந்த தீவனம் தரவில்லை என்ற சான்று வேண்டும் என்கிறது இந்தியா. அது சாத்தியமில்லை என்று அங்குள்ள பால் உற்பத்தியாளர் அமைப்புகள் புகார் செய்தன. 2019 ஜூனில் இந்தியா இழந்த வரிச்சலுகைக்கு அந்தப் புகாரும் ஒரு காரணம்.

இந்தச் சுவர் வேண்டும் என்பதே என் கருத்து. பதினோரு டன் கறக்கும் மாட்டோடும், ஆண்டு முழுவதும் புல்வெளியில் மேயும் மந்தையோடும், நம் தூக்குவாளியை மோதவிடுவதற்குச் சுதந்திர வணிகம் என்று பெயர் வைக்கக் கூடாது. ஆனால் சுவர் கட்டியவர்கள் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 2011 பிப்ரவரியில் உள்ளூர் விலை ஏறியது என்று பவுடர் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. 2012 ஜூனில் தடையை நீக்குவதற்குள் வாங்குகிறவர்கள் வேறு கடை பார்த்துவிட்டார்கள். ஒரு வருடம் ‘தர மாட்டேன்’, இன்னொரு வருடம் ‘மானியம் தருகிறேன், வாங்கிக்கொள்’ என்று சொல்லும் வியாபாரியிடம் யார் கணக்கு வைத்துக்கொள்வார்கள்?

எதை விற்பது?

பவுடரில் நமக்கு எதிர்காலம் இல்லை என்றே நினைக்கிறேன். அது எல்லாரிடமும் இருக்கும் சரக்கு. மலிவாகத் தருபவர் ஜெயிப்பார். நம்மிடம் மிகுதியாக இருப்பது எது என்று பார்த்தால் முதலில் எருமை. இந்தியப் பாலில் ஏறத்தாழ 44 சதவீதம் எருமையுடையது. உலக எருமைப்பாலில் பெரும்பகுதி இங்கும் பாகிஸ்தானிலும் கறக்கப்படுகிறது. இத்தாலியர்கள் எருமைப்பால் மொசரெல்லாவை உலகம் முழுக்கக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மூர்ரா எருமையின் தாய்வீடான ஹரியானா அந்த வழியில் நாலடிகூட வைக்கவில்லை. அடுத்தது நெய், பனீர், இனிப்பு வகைகள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, அமெரிக்கா, சிங்கப்பூர் ஆகியவை நம் பால் பொருள்களின் முன்னணிச் சந்தைகளில் வருவது தற்செயல் இல்லை. நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நம் நெய் போகிறது. அந்தச் சந்தை விலை பார்ப்பதைவிட மணம் பார்க்கும்.

மூன்றாவது, அக்கம்பக்கம். இலங்கை பால்மாவுக்காகப் பெரும்பாலும் நியூசிலாந்தை நம்பியிருக்கிறது. 2021, 2022 நெருக்கடியில் பால்மா வரிசையில் நின்ற தாய்மார்களை நாம் செய்திகளில் பார்த்தோம். ராமேசுவரத்திலிருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம். பால்மா வருவதோ ஆயிரக்கணக்கான மைல் தாண்டி. இதற்கு வரி ஏற்பாடுகளும் அரசியலும் காரணம். சுவைப் பழக்கமும் விலையும் அதைவிடப் பெரிய காரணம். வங்கதேசமும் பவுடர் இறக்குமதி செய்யும் நாடுதான். அயலாருக்கு விற்க நினைக்கும்போது, அங்கும் இரண்டு மாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. நியூசிலாந்திடம் நாம் கேட்கும் நியாயத்தை மட்டக்களப்பு விவசாயி நம்மிடம் கேட்பார்.

பாலைச் சுற்றியுள்ள வேளாண் வணிகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2023 ஜூலையில், எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. உள்ளூரில் மாட்டுத் தீவன விலையைக் குறைக்கவே அது. தவிட்டு ஆலை இழந்தது, மாட்டுக்காரர் கொஞ்சம் மூச்சு விட்டார். இன்னொரு கணக்கு பலருக்குப் பேசவே பிடிக்காதது: 2023-24இல் எருமை இறைச்சி ஏற்றுமதி சுமார் 370 கோடி டாலர், பால் பொருள் ஏற்றுமதியைப் போல் பதின்மூன்று மடங்குக்கு மேல். கடாக்கன்றுக்கும் கறவை நின்ற எருமைக்கும் ஒரு விலை இருப்பதால்தான் எருமை வளர்ப்பு கட்டுப்படியாகிறது. பசுவுக்குப் பல மாநிலங்களில் அந்த வழி சட்டப்படி அடைபட்டிருக்கிறது; கறவை நின்ற மாட்டைக் கட்டித் தீனி போடும் செலவு ஒவ்வொரு லிட்டரிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொள்கிறது.

சீட்டு

இத்தனை வாய்ப்பையும் அடைப்பது எது? ஐரோப்பா தன் மேசைக்கு இந்தியப் பால் பொருள்களை அனுமதிப்பதில்லை. கோமாரி ஒரு காரணம்; 2019இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் 2030க்குள் அதை ஒழிப்பதாகச் சொல்கிறது. 2022இல் வடமாநிலங்களில் தோல் கழலை நோய் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. நோயைவிட மெல்ல வேலை செய்யும் இன்னொன்று இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. எல்லாரும் பயந்த கலப்படம் 12 மாதிரிகளில்தான் ஆபத்தான அளவுக்கு இருந்தது. யாரும் பயப்படாத அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பு மீறியிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் மிச்சம் 77இல். அஃப்ளாடாக்சினில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலக்கிறானா என்று பால்காரரைச் சந்தேகிப்பது நம் பழக்கம். நஞ்சு புண்ணாக்கு மூட்டையிலிருந்து வருகிறது. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடிக்கும். அது விடும் நஞ்சு மாட்டின் வழியே பாலுக்கு வரும். காய்ச்சினாலும் போகாது. நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பு 0.05. அவர்கள் வரம்பு நம்முடையதைவிடப் பத்து மடங்கு கடுமை.

மருந்து மிச்சத்தின் கதை இன்னும் நெருக்கமானது. மடிநோய் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டால் மருந்து உடலைவிட்டுப் போகும்வரை சில நாளைக்குப் பாலை ஊற்றக் கூடாது. ஆயிரம் மாட்டுப் பண்ணையில் ஒரு மாட்டின் பாலைக் கொட்டுவது பெரிய விஷயமே இல்லை. இரண்டே மாடு உள்ள வீட்டில் அது பாதிச் சம்பளம். பட்டுவாடாவை நம்பி மளிகைக்கடையில் கடன் சொல்லியிருக்கிற பெண் அந்தப் பாலைச் சாக்கடையில் ஊற்றுவாள் என்று எதிர்பார்க்கிற சட்டம் அவள் வீட்டைப் பார்த்து எழுதியது இல்லை. அவள் கொண்டுவரும் நாலு லிட்டர் குளிர்விப்பு மையத்தில் நூறு வீட்டுப் பாலோடு கலக்கிறது. அப்புறம் யார் பால் எது என்று கடவுளுக்கும் தெரியாது. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குகிறது; ‘பசு ஆதார்’ என்கிறார்கள். அந்த எண்ணுக்கும் கேனில் ஊற்றிய பாலுக்கும் நடுவே எந்தக் கயிறும் இல்லை.

2024 செப்டம்பரில் தொடங்கிய ‘வெண்மைப் புரட்சி 2.0’ 2028-29க்குள் கூட்டுறவுகள் நாளொன்றுக்கு 1,007 லட்சம் கிலோ வாங்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு அளவில் இருக்கிறது. ஏற்றுமதிக் கதவு தரத்தில் இருக்கிறது. ஊசி போட்ட நாட்களில் கொட்டும் பாலுக்குப் பால் ஒன்றியம் பாதி விலையாவது தரலாம். ஈரமில்லாத தீவனத்தைச் சங்கமே சோதித்துக் கொடுக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரியில் நஞ்சும் மருந்தும் இல்லாத வீட்டுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடத் தரலாம். கொழுப்புக்குக் காசு கொடுக்கத் தொடங்கியதும் விவசாயிகள் கொழுப்பு கூடிய பாலைக் கொண்டுவந்தார்கள். சுத்தத்துக்குக் காசு கொடுத்தால் சுத்தத்தையும் கொண்டுவருவார்கள். ஒப்பந்த மேசையில் அமைச்சர் பேசும் பேச்சைவிட இதற்குச் செலவு குறைவு என்பது என் துணிபு.

இப்போதைக்கு, விடியற்காலை சங்கத்தில் அச்சாகி வரும் அந்தச் சீட்டில் லிட்டர், கொழுப்பு, திடச்சத்து, விலை என்று நாலு கட்டங்கள் இருக்கின்றன. ஐந்தாவது கட்டம் இல்லை.